"வெளிய தெரிஞ்சிராதுல்லா?": உளவியல் சிகிச்சைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் கவுன்சிலிங் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் போனில் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "வெளிய தெரிஞ்சிராதுல்லா?" பீஸ் எவ்வளவு, எத்தனை தடவை வரணும் என்பதெல்லாம் அப்புறம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினால் சேரன்மகாதேவி போய்ச் சேர்வதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர், யார் வீடு, யார் மகன் என்று விசாரித்து, ஏதோ ஒரு வழியில் சொந்தமும் கண்டுபிடித்துவிடுவார். இப்படிப்பட்ட ஊரில் மனசு சரியில்லை என்று ஒருவரிடம் போய் உட்காருவது லேசான முடிவு இல்லை.

நான் இந்த வேலையில் இருக்கிறவள். என் அனுபவத்தில் ரகசியம் கசிகிற இடங்கள் பெரும்பாலும் சிகிச்சை அறைக்கு வெளியேதான் இருக்கின்றன: முன்பக்க மேசை, கூட வந்த உறவினர், சட்டைப்பையில் மடித்து வைத்த மருந்துச் சீட்டு, பூட்டாத போன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் வாய் திறந்து கேட்டால்தான் அது உதவும். அதனால் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்க வேண்டும் என்ற வரிசையிலேயே போவோம்.

1. யாரிடம் போகிறோம் என்று பார்ப்பது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். மருந்து எழுதுவார். மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், பரிசோதனைகளும் செய்வார். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். மனநல சமூகப் பணியாளர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

"கவுன்சிலர்" என்று மட்டும் போட்ட பலகை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பதிவு எண் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களிலும் நல்லவர்கள் நிறைய உண்டு. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்லவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல்தான். பதிவு எண்ணுக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்க ஒரே காரணம், நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் எங்கே புகார் கொடுப்பது என்பது அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும்.

2. எங்கே போவது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவக் குழு போய் வருகிறது. எந்த ஊரில் எந்த நாள் என்பதைப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனையில் கூட்டம் இருக்கும். அதோடு அது கல்லூரி மருத்துவமனை, டாக்டருக்குப் பக்கத்தில் மாணவர்கள் நிற்கலாம். "தனியா பேசணும் டாக்டர்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்காக யாரும் சிகிச்சையை மறுக்க முடியாது. சிலர் ஓ.பி. சீட்டை நீட்டிவிட்டு, பின்னால் பத்துப் பேர் நிற்க, தலைவலி, தூக்கமில்லை என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். போனது வீணாகாமல் இருக்க அந்த ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள்.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று அம்பாசமுத்திரத்துக்காரர் திருநெல்வேலிக்கும், திருநெல்வேலிக்காரர் நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ போவது இங்கே வழக்கம். தப்பில்லை. ஆனால் பேச்சுச் சிகிச்சை வாராவாரம் போக வேண்டியது. மதுரைக்குப் போய்வர ஒரு நாள் லீவு, பஸ் காசு, வீட்டில் சொல்ல ஒரு பொய். மூன்றாவது வாரமே நின்றுபோகும். பக்கத்தில் இருப்பவரிடம் சரியான கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போவது மேல் என்பது என் கருத்து.

ஒருவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: உங்கள் குடும்பத்தோடு வேறு வழியில் பழக்கம் உள்ளவர். அப்பாவோடு வேலை பார்த்தவர், மாமாவுக்குப் பணம் கொடுத்து வாங்குகிறவர், ஒரே சபைக்கு வருகிறவர். அவர் வாயைத் திறக்காவிட்டாலும், கல்யாண வீட்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கூசுவீர்கள். போனிலேயே ஊரும் குடும்பமும் சொல்லி "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டால், தெரியும் என்கிற நேர்மையான ஆள் வேறொருவரைக் காட்டிவிடுவார். பாளையங்கோட்டையில் பாதிரியார்களிடமும் போதகர்களிடமும் மனம் விட்டுப் பேசுகிற பழக்கம் நிறைய. அது நல்ல ஆறுதல். ஆனால் நான் கீழே சொல்லப்போகும் மனநலச் சட்டம் சுகாதாரத் துறையினரைத்தான் கட்டுப்படுத்தும், அவர்களை இல்லை.

3. போனில் என்ன சொல்வது

நேரம் வாங்க ஒரு பெயரும் ஒரு நம்பரும் போதும். என்ன பிரச்சினை என்று மேசையில் இருக்கிற பெண் கேட்டால் "டாக்டர்ட்டயே சொல்லிக்கிடுதேன்" என்று முடித்துவிடுங்கள். நினைவூட்டும் மெசேஜில் மையத்தின் பெயர் வருமா என்று கேளுங்கள். வீட்டில் எல்லாரும் எடுக்கிற போன் என்றால் அதைச் சொல்லி, அழைக்கவே வேண்டாம் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

4. முதல் சந்திப்பு

ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். அது சம்மதப் படிவம், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வாசிக்காமல் போட வேண்டாம். உங்களுக்குப் புரிகிற மொழியில், புரிகிற மாதிரி விளக்கம் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தருகிறது. தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். படிவமே இல்லாத இடத்தில் வாய்மொழியாகவாவது இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

"நான் சொல்றதை எழுதி வைப்பீங்களா? அந்த நோட்டு எங்க இருக்கும், யார் எடுக்கலாம்?"

"என்னைப் பத்தி வேற யார்ட்டயாவது பேசுவீங்களா?" சிகிச்சையாளர்கள் தங்கள் மேற்பார்வையாளரிடம் ஆலோசனை கேட்பது சாதாரணம், நல்லதும்கூட. பெயர், ஊர் சொல்லாமல் கேட்க வேண்டும்.

"ரெக்கார்ட் பண்ணுவீங்களா?" உங்கள் சம்மதம் இல்லாமல் கூடாது. நீங்களும் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்ய வேண்டாம்.

"எங்க வீட்டுல இருந்து யாராவது போன் பண்ணினா என்ன சொல்வீங்க?"

"எந்தச் சமயத்துல நான் சொன்னதை வெளிய சொல்ல வேண்டி வரும்?"

கடைசிக் கேள்விக்கு "எதுவுமே வெளியே போகாது, பயப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். விவரம் தெரிந்தவர் விதிவிலக்குகளைச் சொல்வார். இன்னொன்றும் பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனித் தேரோட்டத்திலோ ரத வீதியில் ஜவுளிக்கடையிலோ எதிரெதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? நீங்களாகப் பேசினால் ஒழிய நான் பேச மாட்டேன் என்பதுதான் எங்களில் பெரும்பாலானவர்கள் வைத்திருக்கும் வழக்கம். கண்டும் காணாததுபோல் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

5. சட்டம் எதைப் பூட்டுகிறது, எங்கே திறக்கிறது

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவரின் மனநலம், சிகிச்சை, உடல்நலம் பற்றிய தகவல்கள் ரகசியம் என்கிறது. சிகிச்சையில் ஈடுபடும் எல்லா சுகாதாரப் பணியாளர்களுக்கும் அது கடமை. அதாவது நர்சுக்கும் சேர்த்து. 24-ஆம் பிரிவின்படி உங்கள் போட்டோவையோ தகவலையோ உங்கள் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் இருப்பதற்கும் இது பொருந்தும்.

"எனக்கு நோய் ஒண்ணும் இல்லையே, பரீட்சை பயத்துக்குத்தான் போறேன்" என்பவர்களுக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்துமா என்று வாதாட இடம் இருக்கலாம். ஆனால் தொழில் நெறி எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

இனி விதிவிலக்குகள். உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்களிடம், சிகிச்சைக்குத் தேவையான அளவு சொல்லலாம். நீங்கள் நியமித்த பிரதிநிதியிடம், அவர் தன் கடமையைச் செய்யத் தேவையானதைச் சொல்லலாம் (அவர் யார் என்பதை அடுத்துச் சொல்கிறேன்). உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். நீங்கள் இன்னொருவரைத் தாக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் சொல்லலாம், அதுவும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையானதை மட்டும். மனநல மறுஆய்வு வாரியமோ (சிகிச்சை பெறுகிறவர்களின் உரிமைப் புகார்களை விசாரிக்க இந்தச் சட்டம் அமைத்த குழு) உயர் நீதிமன்றமோ, அதிகாரம் பெற்ற வேறு சட்ட அமைப்போ உத்தரவிட்டால் சொல்ல வேண்டும். பொதுப் பாதுகாப்பு என்ற காரணமும் பட்டியலில் இருக்கிறது.

இதில் உயிர் ஆபத்தைப் பற்றித்தான் பலருக்குத் தவறான பயம். "சாகணும்போல இருக்கு" என்று சொன்ன மறுநிமிடம் யாரும் போலீசுக்குப் போன் போட மாட்டார்கள். எவ்வளவு நாளாக, ஏதாவது திட்டம் இருக்கிறதா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆபத்து நெருக்கத்தில் இருந்தால், யாரிடம் சொல்லலாம் என்று உங்களிடமே முதலில் கேட்பதுதான் சரியான முறை. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அதற்காக வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆம் பிரிவு. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகிற வழக்கம் இருப்பதால் இன்றைக்கும் "கேஸ் ஆயிரும்" என்று பயந்து வீட்டிலேயே உப்புத் தண்ணீரைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

நீதிமன்றம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. டாக்டரிடம் சொன்னதற்கு அந்த அளவு கிடையாது. விவாகரத்து வழக்கு நடக்கும்போது ஒரு தரப்பு சிகிச்சை ஆவணத்தைக் கேட்பது உண்டு. தேவையென்றால் மருத்துவப் பரிசோதனைக்கே உத்தரவிடலாம் என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காகக் கணவனோ மனைவியோ நேரில் வந்து "பைலைக் கொடுங்க" என்றால் கொடுக்கக் கூடாது. கோர்ட் உத்தரவு வேண்டும். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு ஆகாது.

விதிவிலக்கில் சேராத ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதுவும் இந்தச் சீமையில். பத்தொன்பது வயதுப் பெண், பையன் வேறு சாதி. தூக்கமில்லை என்று வந்தவள் மூன்றாவது சந்திப்பில் இதைச் சொல்கிறாள். "பொண்ணு நல்லதுக்குத்தானே" என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்ல சிகிச்சையாளருக்கு எந்த உரிமையும் இல்லை. ஆணவக் கொலைகள் நடந்த மண்ணில் அப்படிச் சொல்வது நெறி மீறலோடு நிற்காது, உயிரோடு விளையாடுவதாகிவிடும். பெண்ணுக்கே ஆபத்து வரும் என்று தெரிந்தால் அவளோடு பேசி, அவள் சம்மதத்தோடு, 181 பெண்கள் உதவி எண்ணையோ காவல்துறையையோ நாடலாம். ஒருபால் ஈர்ப்புள்ளவர்களுக்கும் இதே விதிதான். "மாத்திக் காட்டுதேன்" என்று யாராவது சிகிச்சைக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை முயற்சிகளைத் தடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது.

6. கூட வருகிறவர்கள்

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவது கிடையாது. அம்மா வருவாள், மதினி வருவாள், ஆட்டோ வைத்திருக்கும் சித்தப்பா வருவார், எல்லாரும் உள்ளேயும் வருவார்கள். பேசுவதும் அவர்களாகத்தான் இருக்கும். "இவ சாப்பிடவே மாட்டேங்கா டாக்டர்" என்று ஆரம்பித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொல்லி முடிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வீட்டார் தரும் தகவல் உதவும். முதல் பத்து நிமிடம் அவர்கள் இருக்கட்டும், பிறகு வெளியே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சண்டை வரும் என்றால், போனில் நேரம் வாங்கும்போதே "என்னைத் தனியா பாக்கணும்னு நீங்களே சொல்லிருங்க" என்று சிகிச்சையாளரிடம் கேட்டு வையுங்கள். எங்களுக்கு இது பழகிய வேலை. "ஒரு அரை மணி நேரம் காபி குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி" என்றால் கோபிக்காமல் போய்விடுவார்கள். சந்திப்பு முடிந்து வெளியே வந்ததும் "என்ன சொன்னாவ?" என்று கேள்வி வரும். அதற்கு ஒரு வரியை முன்னாலேயே தயார் செய்து வையுங்கள். "அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காவ" என்பது பொய்யும் இல்லை, முழு விவரமும் இல்லை.

பதினெட்டு வயது முடிந்தவர்களின் பெற்றோருக்குத் தானாகவே எல்லாம் தெரிந்துகொள்ளும் உரிமை வந்துவிடாது. பீஸ் கட்டுவது அப்பா என்பதாலும் வராது. கணவருக்கும் அப்படியே.

நியமனப் பிரதிநிதி பற்றிச் சொல்கிறேன் என்றேன். உங்களால் முடியாத நேரத்தில் உங்கள் சார்பில் நின்று, சிகிச்சை முடிவுகளுக்குத் துணை செய்ய ஒருவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். பதினெட்டு வயது முடிந்த யாராகவும் இருக்கலாம், அவரும் சம்மதிக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கூடப் படித்த தோழியும் ஆகலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் யாரையும் எழுதி வைக்காவிட்டால் உறவினர் அந்த இடத்துக்கு வருவார். அந்த உறவினரிடமிருந்துதான் உங்களுக்குச் சிக்கல் என்றால், இந்த ஒரு தாளை இன்றைக்கே எழுதி விடுங்கள்.

7. விசாரிப்புப் போன்கள்

வரன் பார்க்கும் காலத்தில் மையங்களுக்கு ஒரு வகைப் போன் வரும். குரல் ரொம்பக் கனிவாக இருக்கும். "ஒண்ணும் இல்லம்மா, எங்களுக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான், களக்காட்டுப் பக்கம், அங்க வந்துட்டு இருக்காளாமே, இப்போ எப்படி இருக்கா?" அக்கறை மாதிரி இருக்கும், விசாரிப்பது மாப்பிள்ளை வீட்டு ஆளாக இருக்கும். "அந்தப் பெயரில் யாரும் வரவில்லை" என்று சொல்வதும் எங்களுக்குச் சரியான பதில் இல்லை. ஒருவருக்கு இல்லை என்றும், இன்னொருவருக்குச் சொல்ல முடியாது என்றும் பதில் போனால், சொல்ல முடியாது என்பதே ஆமாம் ஆகிவிடும். யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், "இங்க யார் வாராங்க போறாங்கன்னு நாங்க சொல்றதில்லை" என்ற ஒரே வரிதான். நீங்கள் போகும் இடத்தில் மேசையில் இருப்பவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். டாக்டரின் படிப்பைப் பார்ப்பதற்குச் சமமான கேள்வி இது என்பேன்.

8. பிள்ளைகளை அழைத்துப் போகும்போது

பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர்தான் பிரதிநிதி. சம்மதமும் அவர்களுடையது. ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அப்பாவிடம் ஒப்பித்தால் அவன் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டான். முதல் நாளே மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது: ஆபத்தான விஷயம் என்றால் அப்பா அம்மாவுக்குச் சொல்லப்படும், மற்றவை எங்களுக்குள் இருக்கும் என்று.

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் இந்த ஒப்பந்தம் எல்லாம் செல்லாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்ட யாரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம். செய்தவர் குடும்பத்து ஆள், மானம் போயிரும் என்று பெற்றோரே காலில் விழுந்தாலும் சிகிச்சையாளரால் மறைக்க முடியாது. பிள்ளைகளே நேரடியாக அழைக்கக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பள்ளி ஆலோசகரிடம் சொன்னது ஸ்டாப் ரூமில் பேச்சாகிவிடக் கூடாது, அதற்குத் தலைமையாசிரியர் பொறுப்பு. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இதை ஒருவராவது கேட்டால் நன்றாக இருக்கும். இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

9. காகிதங்கள்

உங்கள் சிகிச்சை ஆவணத்தைப் பார்க்கும் உரிமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் பார்ப்பதால் உங்கள் மனநலத்துக்குக் கடும் பாதிப்போ அடுத்தவருக்கு ஆபத்தோ வரும் என்று கருதினால் குறிப்பிட்ட பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்தினால், அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம் என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரிடம் நோயாளி ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்துக்கு லீவுச் சான்றிதழ் வாங்கும்போது அதில் நோயின் பெயர் வேண்டுமா என்று முதலில் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஓய்வு தேவை, இத்தனை நாள் என்பதே பல இடங்களில் போதும். இன்சூரன்ஸ் பணம் கேட்டால் விவரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது உங்கள் விருப்பம். உடல் நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம்.

மருந்துக் கடைதான் பலரும் மறந்துவிடுகிற இடம். தெருமுனைக் கடைக்காரருக்கு அந்த மாத்திரை எதற்கென்று தெரியும், உங்கள் அப்பாவையும் தெரியும். மருத்துவமனையிலேயே வாங்கிவிடுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.

10. போனில், வீடியோவில் பேசுவது

வெளியூரில் இருந்து சிகிச்சை பெற இப்போது இது வசதி. சிக்கல் வீட்டில்தான். முற்றத்தில் நாலு பேர் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் முக்கூடல் வீட்டில் எந்த அறையில் பேசினாலும் கேட்கும். இயர்போன் போட்டால் அவர் பேசுவது கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். மொட்டைமாடி, நிறுத்திய கார், தோழியின் அறை என்று முன்னாலேயே இடம் பாருங்கள். திடீரென்று யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "சரி மேடம், மார்க் லிஸ்ட் அனுப்புறேன்" என்றால் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவருக்குப் புரியும். வாட்ஸ்அப்பில் நேரம் மட்டும் பேசுங்கள், மனசைக் கொட்டி எழுதாதீர்கள். பணம் அனுப்பிய பட்டியலில் மையத்தின் பெயர் நிற்கும். வீட்டில் எல்லாரும் பார்க்கிற கணக்கு என்றால் ரொக்கமாகக் கொடுங்கள்.

11. மற்ற உரிமைகள்

எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், வேறொருவரிடம் மாறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பீஸ் எவ்வளவு, எத்தனை தடவை, என்ன முறை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சிகிச்சையாளர் உங்களிடம் கடன் கேட்கக் கூடாது, நிலம் விற்கக் கூடாது, வரன் பார்த்துத் தரக் கூடாது. தொட்டுப் பேசுவதோ, சிகிச்சை என்ற பெயரில் நெருக்கம் தேடுவதோ நடந்தால் அது உங்கள் தப்பு இல்லை. அந்த நாளோடு நிறுத்திவிட்டுப் புகார் கொடுங்கள்.

12. மீறினால்

சின்ன விஷயம் என்றால் முதலில் அவரிடமே கேளுங்கள். மேசைப் பெண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதெல்லாம் சொன்னால் சரியாகிவிடும். பெரிதென்றால் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கு மேல் மாநில மனநல ஆணையம். மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலுக்கும் எழுதலாம். காசு கொடுத்துப் பெற்ற சேவை என்றால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. பதிவே இல்லாத கவுன்சிலர் மேல் போக இந்தக் கடைசி வழிதான் பெரும்பாலும் மிஞ்சும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிட வேண்டாம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமைகளுக்காக இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று அதிலேயே இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம், அல்லது 15100-க்குப் போன் செய்யலாம். புகாரில் நீங்கள் அறைக்குள் என்ன பேசினீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. யார், எந்தத் தேதியில், யாரிடம் சொன்னார், அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற நான்கும் போதும். உள்ளே பேசியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், மூடிய அறையில் விசாரிக்கும்படி வக்கீலை முதலிலேயே மனு போடச் சொல்லுங்கள்.